வியட்நாமில் கூடைப் படகும் மீன்பிடியும்: அப்பாவை அழைத்துப் போகலாமா?

ஈசூன் மலர் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நவம்பர் கடைசியில் பள்ளி விடுமுறைக்கு டா நாங், ஹோய் ஆன் பக்கம் போகலாம் என்று வீட்டில் பேச்சு. நான், கணவர், தொடக்கநிலை நான்கில் படிக்கும் மகன், பாலர் பள்ளிக்குப் போகும் மகள், மாமியார், அப்பா என்று ஆறு பேர். பிள்ளைகளுக்கு அந்த உருண்டைக் கூடைப் படகில் ஏறியே ஆக வேண்டும். மகன் கூடுதலாக மீன் பிடிக்க வேண்டும் என்கிறான்.

சிக்கல் அப்பாவிடம்தான். அவர் நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டையில் கடலுக்குப் போனவர். அம்மா போன பிறகு எங்களோடு இங்கே சிங்கப்பூரில் இருக்கிறார். படகுச் சவாரி வீடியோ ஒன்றைக் காட்டினேன். பத்துப் படகு கூடி நிற்க, நடுவில் ஒருவர் துடுப்பைப் பிடித்துக்கொண்டு படகைப் பம்பரமாய்ச் சுற்றுகிறார், ஒலிபெருக்கியில் பாட்டு அலறுகிறது, சுற்றியிருப்பவர்கள் கை தட்டுகிறார்கள். அப்பா கடைசிவரை பார்த்துவிட்டு, "எல்லாம் சரிம்மா, இதுல மீன் எங்க?" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுத்தாலே, நீங்கள் போய்வாருங்கள், நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார்.

அங்கே உண்மையாகவே மீன் பிடிக்கும் சுற்றுலா இருக்கிறதா, இல்லை எல்லாமே இந்தக் கூத்துதானா? நீச்சல் தெரியாத சின்னவளுக்குப் பாதுகாப்பா? மாமியார் சுத்த சைவம், அவருக்குச் சாப்பாடு கிடைக்குமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.


பொங்கோல் ரவி:

நவம்பர் கடைசியா? டிக்கெட் எடுத்துவிட்டீர்களா? எடுக்கவில்லை என்றால் அப்படியே நிறுத்துங்கள்.

நாங்கள் ஒரு தீபாவளி முடிந்த கையோடு போனோம். போன மறுநாள் பிடித்த மழை விடவே இல்லை. ஆறு ஏறி ஹோய் ஆன் பழைய நகரத் தெருவுக்குள் வந்துவிட்டது. கடைக்காரர்கள் சாமான்களை மாடிக்குத் தூக்குகிறார்கள், அதுவும் வருடா வருடம் செய்கிற வேலை போல அலட்டிக்கொள்ளாமல். தெருவிலேயே படகு ஓடியது, அதில் மட்டும் ஏறினோம். முன்பணம் கட்டியிருந்த கூடைப் படகுச் சவாரி ரத்து. பணம் திரும்ப வராது, வேறு தேதி தருகிறோம் என்றார்கள். அவர்கள் சொன்ன தேதியில் நான் அலுவலகத்தில் இருப்பேன்.


பிடோக் தூண்டில்காரர்:

ரவி சொல்வது சரி. உங்கள் அப்பாவுக்கு இதை விளக்கவே வேண்டாம், வாடைக்காற்று என்று சொன்னால் போதும். ஐப்பசி, கார்த்திகையில் நாகப்பட்டினத்தில் மழையைக் கொட்டுகிற அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் தென்சீனக் கடல் ஈரத்தை அள்ளிக்கொண்டு போய் வியட்நாமின் நடுப்பகுதியில் மோதுகிறது. பின்னால் மலைத்தொடர், முன்னால் கடல், நடுவில் ஒடுக்கமான நிலம். பெய்கிற மழை ஆற்றில் இறங்கக் கொஞ்ச நேரம் போதும். செப்டம்பரில் தொடங்கி டிசம்பர் வரை அந்தப் பக்கம் மழை, அதில் அக்டோபரும் நவம்பரும்தான் மோசம். நம் ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை சரியாக அதன் மேல் போய் விழுகிறது. மார்ச் விடுமுறை ஒரு வாரம்தான் என்றாலும் அந்த ஊருக்கு அதுவே நல்ல காலம். ஜூனில் மழை இருக்காது, வெயில் வறுத்துவிடும். பெரியவர்களை வைத்துக்கொண்டு ஜூனில் போகாதீர்கள்.

இப்போது மீனுக்கு வருகிறேன். நான் கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பொழுது விடிந்தால் பிடோக் படகுத்துறையில் தூண்டிலோடு நிற்பேன். அதனால் "மீன்பிடிச் சுற்றுலா" என்று எங்கே எழுதியிருந்தாலும் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். ஹோய் ஆனில் அந்த ஒரே பெயரில் வேறு வேறு சரக்கு விற்கிறார்கள். எது எது என்று தெரிந்துகொண்டு கேட்டால் அப்பாவும் வருவார்.

நீங்கள் வீடியோவில் பார்த்தது காம் தான் என்ற இடம். பழைய நகரத்திலிருந்து நாலைந்து கிலோமீட்டர், மிதிவண்டியிலேயே போய்விடலாம். அதைத் தென்னங்காடு என்பார்கள், ஆனால் தென்னை இல்லை, உப்பும் நன்னீரும் கலக்கும் சேற்றில் வளரும் நிப்பா என்ற பனை வகை. நம் ஐஸ் கச்சாங் பனிக்கட்டி இனிப்பில் போடும் அத்தாப் சீ இருக்கிறதே, அது இந்த மரத்துக் காய்தான். பிள்ளைகளிடம் சொல்லுங்கள், படகில் போகும்போது குலை குலையாய்த் தொங்குவதைத் தேடிக்கொண்டு வருவார்கள். அமெரிக்காவோடு நடந்த போரின்போது கெரில்லாக்கள் ஒளிந்திருந்த காடும் இதுவே. வாய்க்கால்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து போவதைப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

அங்கே மீன்பிடி என்பது நண்டு பிடிப்பதுதான். சின்ன மூங்கில் குச்சி, நுனியில் நூல், துண்டு இரை. சேற்றில் ஊரும் பொடி நண்டுகள் வந்து கவ்வும், தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப விட்டுவிட வேண்டியது. உங்கள் மகனுக்கு இது போதும், மணிக்கணக்கில் உட்காருவான். துடுப்புப் போடும் பெண்மணிகள் பாதிப் பேர் பாட்டி வயது, ஓலையைக் கிழித்து வெட்டுக்கிளி, மோதிரம் எல்லாம் செய்து மகள் கையில் கொடுப்பார்கள். கூத்து தனியாக வாய்க்காலின் ஒரு திருப்பத்தில் நடக்கும். கொரியப் பயணிகள் நிறைய வருவதால் கொரியப் பாட்டுதான் அலறும். காலை பத்து மணிக்கு மேல் பேருந்துகள் வந்து இறங்கிவிட்டால் காட்டுக்குள் எங்கே போனாலும் அந்தச் சத்தம்தான். ஏழு மணிக்குப் போய் நில்லுங்கள். அந்த நேரத்தில் தண்ணீரில் துடுப்பு விழும் சத்தம் காதில் கேட்கும்.

அடுத்தது, வலை. து போன் ஆறு கடலில் சேரும் குவா டாய் பக்கம் பெரிய தூக்கு வலைகளைப் பார்க்கலாம். தண்ணீருக்குள் நாலு கம்பம் நட்டு, அதில் விரித்த வலை. கொஞ்சம் தள்ளி ஒரு பரணில் உட்கார்ந்து, காலால் உருளையை மிதித்து மிதித்து வலையை மேலே தூக்குவார்கள். கொச்சியில் சீன வலை பார்த்திருப்பீர்கள், அந்த வகை. கூடவே வீச்சு வலையும் வீசிக் காட்டுவார்கள், நம்மையும் வீசச் சொல்வார்கள். சுற்றுலா எடுக்கும்போது "வலை வீசுவது உண்டா, நாங்களும் வீசலாமா" என்று கேட்டு உறுதிப்படுத்துங்கள். என்னோடு வந்த பயணிகள் வீசியபோது வலை சுருண்டு கயிறாய் விழுந்தது, எல்லாரும் சிரித்தார்கள். உங்கள் அப்பா கையில் வலை போனால் சிரிக்க மாட்டார்கள். ஈயக் குண்டைத் தொட்டு எடை பார்க்கும்போதே அந்த ஊர்க்காரருக்குத் தெரிந்துவிடும், இவர் யார் என்று.

ஆனால் அப்பாவுக்கு நான் சொல்வது இவை இரண்டும் இல்லை. டா நாங் நகரத்திலேயே, சோன் த்ரா மலை அடிவாரத்தில் மான் தாய் என்று ஒரு கடற்கரை இருக்கிறது. டிக்கெட் கிடையாது, வழிகாட்டி கிடையாது. விடிகாலையில் போய் நின்றால் போதும். பெரிய படகுகள் ஆழத்தில் நிற்க, கூடைப் படகுகள் மீனைச் சுமந்துகொண்டு கரைக்கு வரும். மணலிலேயே கொட்டிப் பெண்கள் தரம் பிரிப்பார்கள், அங்கேயே பேரம், அங்கேயே விற்பனை. ஏழு மணிக்கெல்லாம் பாதி முடிந்துவிடும்.

கூடைப் படகின் சொந்த வேலையும் அதுதான். பிரெஞ்சுக்காரர்கள் படகுக்கு வரி போட்டார்கள், அதனால் "இது படகு இல்லை, கூடை" என்று சொல்லி ஏமாற்ற இதைச் செய்தார்கள் என்று வழிகாட்டிகள் ஒருவர் விடாமல் சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு அது முழுக் காரணமாகத் தெரியவில்லை. துறைமுகம் இல்லாத மணல் கரை, கரையோரம் அலை முறிகிறது. அங்கே நீளப் படகு பக்கவாட்டில் திரும்பினால் கவிழும். வட்டப் படகுக்கு ஏது பக்கவாட்டு? அலை எந்தப் பக்கம் அடித்தாலும் ஏறி இறங்கிவிடும். பெரிய படகின் மேல் தூக்கிப் போட்டுக்கொண்டு போகலாம், ஒற்றை ஆள் மணலில் உருட்டிக்கொண்டே வீட்டுக்குப் போகலாம். வரி இல்லாவிட்டாலும் இதைச் செய்திருப்பார்கள்.

கரையில் கவிழ்த்து வைத்திருக்கும் படகை அப்பா தட்டிப் பார்க்கட்டும். மூங்கிலைப் பிளந்து பாய் போல நெருக்கிப் பின்னி, விளிம்பில் தடித்த மூங்கில் வளையம் வைத்துக் கட்டுவார்கள். பிறகு பின்னல் இடுக்கில் மாட்டுச் சாணி பூசிக் காயவிட்டு, அதன் மேல் மரத்திலிருந்து இறக்கும் எண்ணெய் பூசுவார்கள். இந்தப் பக்கம் கெருயிங் என்று சொல்கிறோமே, அந்த மரத்தின் இனம். ஊரில் வல்லத்துக்குப் பூசும் குங்கிலியமும் அதே மரக் குடும்பத்துப் பிசின்தான், அப்பாவுக்கு வாசனையிலேயே பிடிபடலாம். இப்போது இழைக்கண்ணாடிப் படகுகள் நிறைய வந்துவிட்டன, அதனால் மூங்கில் எது என்று பார்த்துத் தட்டச் சொல்லுங்கள்.


செங்காங் அம்மா:

அண்ணன் படகைப் பற்றியே எழுதிவிட்டார், நான் பிள்ளைகளைப் பற்றி எழுதுகிறேன்.

என் இரண்டாவது பெண்ணுக்கு அப்போது நாலு வயது. காம் தான் வாய்க்காலில் அலை கிடையாது, அதனால் பயப்படத் தேவையில்லை. உயிர்காப்பு உடை எல்லாருக்கும் தருகிறார்கள், ஆனால் சின்னப் பிள்ளைக்கு அளவானது கிடைப்பது அதிர்ஷ்டம். என் மகளுக்குக் கொடுத்தது காதுவரை ஏறி நின்றது. நீச்சல் வகுப்புக்கு வாங்கியது வீட்டில் இருந்தால் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு படகில் பயணிகள் இரண்டு பேர், குழந்தை இருந்தால் மூன்று. ஆறு பேருக்கு மூன்று படகு வேண்டும். மாமியாருக்கு ஏறி இறங்கும்போதுதான் கஷ்டம், கால் வைத்தவுடன் படகு சாயும். நடுவில் கால் வைத்து உடனே உட்கார்ந்துவிட வேண்டும்.

நம் படகையும் சுற்றட்டுமா என்று சைகையில் கேட்பார்கள். தலை சுற்றுகிறவர்கள் கையை ஆட்டி வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒரு தடவை சரி என்றால் பிறகு நிறுத்தச் சொல்லிக் கத்தினாலும் ஆர்வத்தில் கத்துகிறோம் என்று நினைத்து இன்னும் வேகமாகச் சுற்றுகிறார்கள்!

பணம் கவனம். இருபதாயிரம் டாங் நோட்டும் ஐந்து லட்சம் டாங் நோட்டும் இரண்டுமே நீலம். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்குக் கிட்டத்தட்ட இருபதாயிரம் டாங் என்று வைத்துக்கொண்டால், ஒன்று ஒரு வெள்ளி, இன்னொன்று இருபத்தைந்து வெள்ளி. ஆட்டம் முடிந்ததும் அன்பளிப்புக்குத் துடுப்பை நீட்டுவார்கள், அதில் நோட்டை ஒட்டவைக்க வேண்டும். அந்த அவசரத்தில் என் கணவர் ஒட்டியது எது என்று இன்னும் சொல்ல மறுக்கிறார். இருபதாயிரத்தின் பின்புறம் ஹோய் ஆனின் ஜப்பானியப் பாலம் இருக்கும், அதைப் பார்த்துக் கொடுங்கள். படகுக்கு நான் கொடுத்தது ஒன்றரை லட்சம் டாங் அளவில், நுழைவுச் சீட்டு தனி.

மாமியாருக்கு: பலகையில் "சாய்" என்று போட்ட கடைகள் சைவம். சாதாரணக் கடையில் காய்கறி மட்டும் என்று கேட்டால் காய்கறிதான் வரும், மீன் சாற்றோடு வரும். இந்தியச் சாப்பாட்டுக் கடைகள் டா நாங்கிலும் ஹோய் ஆனிலும் இருக்கின்றன. ஊறுகாயும் பொடியும் எடுத்துப் போவதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?


தருமபுரிக்காரன், துவாஸ்:

ஒகேனக்கல்லில் பரிசல் இல்லையா? இதற்கு வியட்நாம் போக வேண்டுமா? எங்கள் ஊருக்கு வாருங்கள், பரிசலில் ஏற்றி அருவிக்குப் பக்கத்திலேயே கூட்டிப்போவோம், பொரித்த மீனும் உண்டு. இதே மூங்கில், இதே வட்டம். அந்தக் காலத்தில் தோல் போர்த்தினார்கள், இப்போது பிளாஸ்டிக் தார்பாய், தார். சுற்றச் சொன்னால் எங்கள் ஆளும் சுற்றுவார்.


ஈசூன் மலர்:

எல்லாருக்கும் நன்றி. தூண்டில்காரர் அண்ணன் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். வாடைக்காற்று என்றதும் "அப்ப கடலுக்கே போவ மாட்டானே, எதுக்குடி அப்ப போறது" என்று என்னைத் திட்டினார். சாணி பூசுவது வந்ததும் இரண்டாம் தடவை வாசிக்கச் சொன்னார். வருவதாகவே வைத்துக்கொள்கிறேன். மார்ச்சுக்கு மாற்றலாம் என்று கணவரும் ஒத்துக்கொண்டார்.

அப்பாவுக்கு இந்தியக் கடப்பிதழ், விசா எப்படி? அப்புறம் சாம் தீவுக்கு விரைவுப் படகில் போய் வரலாம் என்று கணவர் சொல்கிறார், பிள்ளைகளோடு போகலாமா? டிசம்பர் விடுமுறை வீணாகப் போகிறதே என்று மகனுக்கு வருத்தம், அதற்கு வேறு வழி உண்டா?


பிடோக் தூண்டில்காரர்:

தருமபுரித் தம்பி, பரிசலைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அது ஆற்றுப் படகு. காவிரியில் தண்ணீர் வரத்து கூடினால் உங்கள் ஊரிலும் பரிசலுக்குத் தடைதானே? நான் சொல்வது கடலுக்குப் போகிற கூடை. துடுப்புப் போடும் விதத்திலும் வித்தியாசம் உண்டு. முன்பக்கம் ஒற்றைத் துடுப்பை நிறுத்தி, தண்ணீருக்குள்ளேயே எட்டுப் போடுவது போல இப்படியும் அப்படியும் வளைப்பார்கள். துடுப்பு தண்ணீரை விட்டு வெளியே வரவே வராது, படகு துடுப்பு இருக்கும் பக்கமே நகரும். நானும் வாங்கிப் பார்த்தேன், நின்ற இடத்திலேயே சுற்றினேன். கூத்து ஆடுகிறவர் காசு வாங்கிக்கொண்டு செய்ததை நான் இலவசமாகச் செய்து காட்டினேன். தம்பி போனால் ஒருவேளை கை பழகியிருக்கும்.

மலர், அப்பாவுக்கு மின்விசா எடுக்க வேண்டும். ஒரு முறை நுழைய 25 அமெரிக்க டாலர், வியட்நாம் அரசின் தளத்தில் நேராக விண்ணப்பியுங்கள். அதே மாதிரிப் பெயரில் பல தரகுத் தளங்கள் உண்டு, விலையைப் பார்த்தாலே தெரியும். கடப்பிதழில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே ஒரு எழுத்து மாறாமல் போடுங்கள். நம் ஆட்களுக்குக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் எதை நிரப்புவது என்பதில்தான் குழப்பம் வரும். சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருப்பவர்களுக்கு 30 நாள்வரை விசா வேண்டாம்.

சாம் தீவு விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பு. காம் தான் வாய்க்கால் வேறு, குவா டாய் கழிமுகத்தைத் தாண்டித் திறந்த கடலுக்குப் போவது வேறு. 2022 பிப்ரவரியில் சாம் தீவிலிருந்து திரும்பிய பயணிகள் படகு ஒன்று குவா டாய் அருகே கவிழ்ந்து 17 பேர் இறந்துபோனார்கள். தீவு அழகுதான், யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமும்கூட. மார்ச்சில் கடல் பொதுவாகச் சாந்தமாகத்தான் இருக்கும். ஆனாலும் முன்கூட்டியே பணம் கட்டி உங்களைக் கட்டிப்போட்டுக்கொள்ளாதீர்கள். அன்று காலையில் கடலைக் காட்டி அப்பாவிடம் கேளுங்கள். அவர் போகலாம் என்றால் போங்கள், மூஞ்சியைச் சுளித்தால் மாமியாரை அழைத்துக்கொண்டு மீ சோன் போய்விடுங்கள். அந்தப் பகுதியை முன்பு ஆண்ட சாம் மன்னர்கள் கட்டிய சிவன் கோயில்கள், செங்கல் கட்டடம், ஹோய் ஆனிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். போரில் குண்டு விழுந்து நிறைய இடிந்துவிட்டது, மிச்சம் இருப்பதே பார்க்கப் போதும். நம் ஆட்கள் நிறையப் பேர் பானா மலையின் தங்கப் பாலத்தில் படம் எடுத்துக்கொண்டு இதைப் பார்க்காமல் திரும்பிவிடுகிறார்கள்.

டிசம்பருக்கு ஃபூ குவோக் தீவு. வியட்நாமின் தெற்கு மூலையில், தாய்லாந்து வளைகுடாப் பக்கம் இருக்கிறது, அங்கே நவம்பரிலிருந்து ஏப்ரல்வரை மழை குறைவு. மரப் படகில் இரவில் விளக்குப் போட்டுக் கணவாய் பிடிக்கக் கூட்டிப்போவார்கள். வெளிச்சத்துக்கு மேலே வருகிற சோத்தோங்கைத் தூண்டிலில் பிடித்து அங்கேயே சுட்டோ கஞ்சியில் போட்டோ தருவார்கள். நேராகத் தீவில் இறங்கித் தீவிலேயே தங்கித் திரும்பினால் அப்பாவுக்கு விசாச் செலவும் இல்லை. கூடைப் படகு ஆசைக்கு அது பதில் ஆகாது, மகனின் மீன்பிடி ஆசைக்கு ஆகும். கையில் எது கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன், நிலா வெளிச்சமான இரவாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.


ஈசூன் மலர்:

மார்ச் உறுதி. டிசம்பரைப் பிறகு பார்க்கலாம், இரண்டும் கேட்டால் கணவர் என்னை வீட்டை விட்டு அனுப்பிவிடுவார். கடைசியாக ஒன்று: மான் தாய் கடற்கரைக்கு விடிகாலையில் போக வேண்டும் என்றால் முதல் இரவு டா நாங்கிலேயே தங்குவது நல்லதா, ஹோய் ஆனிலிருந்து போகலாமா? அந்த நேரத்தில் வண்டி கிடைக்குமா?


பிடோக் தூண்டில்காரர்:

முதல் இரவு டா நாங்கில், மீ கே கடற்கரைப் பக்கம் தங்குங்கள். அங்கிருந்து மான் தாய் வண்டியில் சில நிமிடம். ஹோய் ஆனிலிருந்து வருவதென்றால் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும், பிள்ளைகளை நாலு மணிக்கு எழுப்ப வேண்டிவரும். டா நாங்கில் கிராப் வாடகை வண்டி உண்டு. ஆறு பேர் என்பதால் ஏழு இருக்கை வண்டியாகப் போடுங்கள், விடிகாலையில் அது கிடைக்கச் சில நேரம் தாமதமாகும். முந்தின இரவே விடுதி வரவேற்பில் சொல்லி வைத்தால் ஐந்து மணிக்கு வாசலில் நிற்கும். வியட்நாம் நேரம் நம்மைவிட ஒரு மணி பின்னால், அதனால் அங்கே ஐந்து மணி என்பது உங்கள் உடம்புக்கு ஆறு, பிள்ளைகள் பள்ளிக்கு எழும் நேரம்தான். காலுக்கு நனைந்தாலும் பரவாயில்லாத செருப்பு, கையில் சின்ன நோட்டுகள். மீன் வாங்கினால் சமைத்துக் கொடுக்க விடுதியில் ஒத்துக்கொள்வார்களா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். அப்பா பேரம் பேச ஆரம்பித்தால் குறுக்கே போகாதீர்கள்.